பிழை எண் 70: பூட்டிய கோப்பும் தமிழ்ச் சொல்லும்

மொழி வரலாறு என்றதும் கல்வெட்டு, ஓலைச்சுவடி, அச்சு நூல், நாளிதழ் என்னும் வரிசையில் எண்ணிப் பழகியவர்கள் நாம். கணினித் திரையில் ஒரு கணம் தோன்றி மறையும் பிழைச்செய்திக்கு இவ்வரிசையில் இடமுண்டா என்று ஆசிரியர் சிலர் ஐயுறக்கூடும். உண்டு என்பதே நம் கருத்து. மேற்கொண்ட செயல் ஏன் கைகூடவில்லை என்பதை ஒருவனுக்குச் சொல்லும் வாக்கியம் அது. அவ்வாக்கியம் எம்மொழியில், எத்தொனியில் அமைந்தது என்பதை அறிந்தால், அதனை எதிர்கொண்ட தலைமுறை எவ்வாறு கற்றது என்பதும் ஓரளவு விளங்கும். 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பேசிக் என்னும் நிரல்மொழியைக் கற்ற தமிழ் மாணவர்கள் கண்ட செய்திகளுள் ஒரு சிறு குழுவை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். பூட்டப்பட்ட கோப்பை அணுகும்போது கணினி கூறும் மறுமொழிகளே அவை.

பேசிக் பிறந்தது 1964 மே 1ஆம் நாள் விடியற்காலையில், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில். ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்னும் இரு கணிதப் பேராசிரியர்கள், அறிவியல் பயிலாத மாணவரும் கணினியைக் கையாள வேண்டும் என்னும் நோக்கத்தோடு அதனை ஆக்கினர். ஒரே பொறியைப் பல முனையங்களில் அமர்ந்தோர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறையோடு இணைந்து பிறந்த மொழி அது. பலர் கூடிப் பகிர்ந்த பொறியில் பிறந்த அம்மொழியின் முதற்பதிப்பில் தரவுக்கோப்பைத் திறப்பதற்கான கட்டளையே இருக்கவில்லை என்பது இன்று வியப்பூட்டும். வேண்டிய எண்களை நிரலுக்குள்ளேயே தனி வரிகளாக எழுதிவைக்க வேண்டும். கோப்பே இல்லாத இடத்தில் பூட்டுக்கு என்ன வேலை?

1975இல் ஆல்டேர் என்னும் சிறு கணினிக்காக எழுதப்பட்ட பேசிக், வெறும் 4 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. ஆகவே அதன் பிழைச்செய்திகள் ஈரெழுத்துக் குறிகளாகச் சுருங்கின. தொடரமைப்புப் பிழைக்கு 'எஸ்என்', முறையற்ற அழைப்புக்கு 'எஃப்சி' என்று மட்டுமே திரை கூறும். பிழைச்செய்தியின் கடுமைக்கு அதை எழுதியவரின் மனப்பாங்கே காரணம் என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். உண்மையில் முதற்காரணம் இடப்பஞ்சம். ஒவ்வோர் எழுத்தும் ஒரு பைட் கேட்கும்போது பணிவன்புச் சொற்களுக்கு இடமேது?

1981இல் ஐபிஎம் தனிக்கணினி வெளிவந்தது. அதனையொத்த கணினிகள் பெருகியபோது மைக்ரோசாப்டின் ஜிடபிள்யூ-பேசிக் அவற்றோடு வந்தது. கோலாலம்பூரில் இம்பி பிளாசாவைச் சுற்றிக் கணினிக் கடைகள் நிறைந்திருந்த அக்காலத்தில், இங்குள்ள பலருக்கு முதன்முதலாக அறிமுகமான நிரல்மொழி இதுவே. இதில் கோப்பைத் திறக்கவும் படிக்கவும் எழுதவும் பூட்டவும் கட்டளைகள் உண்டு. பிழைகளுக்கு எண்ணும் உண்டு, முழு ஆங்கிலத் தொடரும் உண்டு. இவற்றுள் பூட்டோடு தொடர்புடையவற்றைச் சற்று விரிவாகக் காண்போம். ஏனெனில் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இவை உள்ளே வெவ்வேறானவை.

நிரலையே பூட்டிவைப்பது ஒருவகை. நிரலைச் சேமிக்கும் 'சேவ்' கட்டளையில் கோப்பின் பெயரை அடுத்து ஒரு காற்புள்ளியும் 'பி' என்னும் ஆங்கில எழுத்தும் இட்டால், அந்நிரல் மறைகுறியாக்கப்பட்ட வடிவில் வட்டில் பதியும். பின்னர் அதனை ஏற்றலாம், இயக்கலாம். ஆனால் அதன் வரிகளைத் திரையில் பட்டியலிட முயன்றாலோ திருத்த முயன்றாலோ 'இல்லீகல் ஃபங்ஷன் கால்' என்னும் மறுமொழி வரும். அதன் எண் 5. பூட்டுவதற்குக் கட்டளை தந்த அம்மொழி, திறப்பதற்குக் கட்டளை எதனையும் தரவில்லை. தான் எழுதிய நிரலைத் தானே பூட்டி, வேறு படியும் வைத்துக்கொள்ளாதவனுக்கும் இதே விடைதான். இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று. எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டாலும் இதே எண் 5, இதே தொடர்தான் வரும். கணக்கில் நேர்ந்த தவற்றையும் பூட்டிய கதவையும் ஒரே சொல்லால் குறித்த மொழி அது. 'இல்லீகல்' என்னும் சொல்லோ நீதிமன்றத்தை நினைவூட்டுவது. பதினான்கு வயதுப் பிள்ளை, தான் ஏதோ சட்டத்தை மீறிவிட்டதாக அஞ்சிக் கணினியை அணைத்துவிட்டால் அதில் வியப்பில்லை.

ஒரே நிரல் தனக்குத்தானே தடையாவது இன்னொரு வகை. எழுதுவதற்காகத் திறந்த கோப்பை மூடாமலே மறுபடியும் திறக்க முனைந்தால் 55ஆம் எண்ணோடு 'ஃபைல் ஆல்ரெடி ஓப்பன்' என்னும் செய்தி வரும். இது நேர்மையான செய்தி. நடந்ததை நடந்தபடி கூறுகிறது. மாணவர் பெரும்பாலும் மறந்தது 'குளோஸ்' என்னும் ஒரு வரியைத்தான்.

மூன்றாவதே நம் தலைப்புக்குரியது. 1984இல் வெளிவந்த டாஸ் 3.0, கோப்புகளைப் பலர் பகிர்வதற்கான 'ஷேர்' என்னும் துணைநிரலோடு வந்தது. அதற்கேற்ப ஜிடபிள்யூ-பேசிக்கிலும் 'லாக்', 'அன்லாக்' என்னும் இரு கட்டளைகள் சேர்ந்தன. மாணவர் பதிவேடு ஒன்று வலையமைப்பில் இருப்பதாகக் கொள்வோம். ஓர் ஆசிரியர் 5ஆம் பதிவு முதல் 8ஆம் பதிவு வரை திருத்திக்கொண்டிருக்கிறார். அதுவரை அப்பகுதி பூட்டப்பட்டிருக்கும். அந்நேரம் இன்னொருவரின் நிரல் 6ஆம் பதிவைக் கேட்டால் கிடைக்கும் விடை 'பெர்மிஷன் டினைட்', பிழை எண் 70. இருவரும் ஒரே மதிப்பெண்ணை மாற்றி மாற்றி எழுதிக் குழப்புவதைத் தடுக்கும் ஏற்பாடு இது. பூட்டியவர் பூட்டிய எல்லையைச் சரியாகச் சொல்லித் திறக்க வேண்டும். 5 முதல் 8 வரை பூட்டிவிட்டு 5 முதல் 7 வரை திறக்க முயன்றால் அவருக்கும் அதே எண் 70தான்.

இந்த 70க்கு முன்வரலாறும் உண்டு. தொடக்ககால ஐபிஎம் பேசிக்கில் அவ்வெண் வட்டின் எழுத்துத் தடையை மட்டுமே குறித்தது. அதாவது, 5¼ அங்குல நெகிழ்வட்டின் ஓரத்திலுள்ள வெட்டை ஒட்டுத்தாளால் மூடிவிட்டால் வட்டில் எழுத இயலாது. அதைத்தான் செய்தி நேராகக் கூறியது. பகிர்வு வந்தபின் அதே எண், வட்டின் தடைக்கும் பிறர் இட்ட பூட்டுக்கும் பொதுவாயிற்று. பொருள் விரிந்தபோது சொல் மங்கியது. ஒட்டுத்தாளை நீக்கினால் தீரும் சிக்கலா, அடுத்த மேசைக்காரர் வேலையை முடிக்கும்வரை காத்திருக்க வேண்டிய சிக்கலா என்பதைச் செய்தி உரைப்பதில்லை. பின்வந்த குவிக்பேசிக்கில், படிப்பதற்கு மட்டும் எனக் குறிக்கப்பட்ட கோப்பில் எழுத முயன்றால் 75ஆம் எண் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்க.

இனி, இச்செய்திகளைப் படித்தவர் யார் என்பதற்கு வருவோம். 1970இல் தொடங்கிப் படிப்படியாக ஆங்கிலப் பள்ளிகள் தேசிய மொழிக்கு மாறின. ஆகவே 1980களில் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் மலாய்மொழி வழியாகக் கணிதம் கற்றது; மாலையில் கணினி வகுப்புக்குச் சென்றால் அங்கே திரை ஆங்கிலம் பேசியது. பிரிக்பீல்ட்ஸில் கடைவீட்டு மாடி ஒன்றில் நடந்த அத்தகைய வகுப்பை நாம் அறிவோம். இருவருக்கு ஒரு கணினி. பயிற்றுநர் மலாயும் ஆங்கிலமும் கலந்து விளக்குவார். மாணவர் தமக்குள் தமிழில் பேசிக்கொள்வர். 70 என்னும் எண் வந்தால் 'வட்டை மாற்று' என்பதே அங்கு வழங்கிய ஒரே மருந்து. காரணத்தை எவரும் விளக்கியதில்லை.

மும்மொழி வாழ்வு தந்த வேடிக்கை ஒன்றை இங்கே சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. மலாய்மொழியில் கோப்புக்கு வழங்கும் சொல், ஆங்கிலத்தின் 'ஃபைல்' என்பதிலிருந்து வந்தது. மலாய் எழுத்துமுறைப்படி அதனை எஃப், ஏ, ஐ, எல் என்று எழுதுவர். 1987இல் வந்த டாஸ் 3.3, வட்டியக்கியில் வட்டு இல்லாதபோது பயனரிடம் மூன்று வழிகளைக் காட்டிக் கேட்டது: கைவிடுவதா, மறுபடி முயல்வதா, தோல்வி எனக் கொள்வதா? மூன்றாம் சொல் அதே நான்கு எழுத்துகளால் ஆனது. ஆங்கிலத்தில் அது தோல்வி. மலாயில் அது கோப்பு. தனக்கு வேண்டியது கோப்புத்தானே என்று அதனைத் தெரிவு செய்யும் பிள்ளையைத் தவறு சொல்வதெப்படி? பிழையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான 'ராலாட்' அரபு மூலத்திலிருந்து வந்தது. நூலின் பின்னிணைப்பாக வரும் அச்சுப்பிழைத் திருத்தத்துக்கும் அதுவே பெயர். டேவான் பகாசா டான் புஸ்தாகா கலைச்சொல் ஆக்கத்தை நிறுவன அளவில் மேற்கொண்டதால் மலாய் மாணவருக்குப் பாடநூலிலேனும் தம்மொழிச் சொல் கிடைத்தது. தமிழ் மாணவருக்கு அந்நாளில் அதுவும் இல்லை.

தமிழில் சொல் இல்லாமையா காரணம்? இல்லை, சொல்லோ மிகுதியாகவே இருந்தது. பிழை, தவறு, குற்றம், வழு என நான்கு சொற்கள் உடனே நினைவுக்கு வருகின்றன. இவற்றுள் வழு இலக்கணத்தார் கையாண்ட கலைச்சொல். தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலும் நன்னூலிலும் திணை, பால், இடம், காலம் முதலியன மயங்கி வரின் அது வழு. வழுவின்றி வருவது வழாநிலை. வழுவாயினும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. இப்பாகுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கின் பட்டியலை நோக்கினால் ஓர் உண்மை புலனாகிறது. தொடரமைப்புப் பிழை ஐயமின்றி வழு. எழுவாயும் பயனிலையும் முரண்படுவதைப் போன்றது அது. 55ஆம் எண் மறதியால் வந்த தவறு. 70ஆம் எண்ணோ வழுவும் அன்று, தவறும் அன்று. நிரலின் ஒவ்வொரு வரியும் செம்மையாக இருக்கலாம். அதே நிரல் ஐந்து நிமிடம் கழித்து எவ்வித மாற்றமுமின்றி ஓடலாம். உள்ளே ஆள் இருப்பதால் தாழிட்ட கதவு அது. தட்டியவர் மேல் குற்றம் எப்படி வரும்? அதனைத் தடை என்றோ மறுப்பு என்றோ கூறுவது தகும். பிழை என்பது தகாது. ஆனால் பேசிக் இவ்வனைத்தையும் ஒரே எண் வரிசையில் 'எரர்' என நிறுத்தியது. நாமும் அதை அப்படியே பின்பற்றி எல்லாவற்றையும் பிழைச்செய்தி என மொழிபெயர்த்துக்கொண்டோம். இத்தொடரை இக்கட்டுரையிலும் நாம் தவிர்க்கவில்லை, வழக்கு வலிது.

இன்று தமிழ் இடைமுகங்களில் இச்செய்தி பெரும்பாலும் 'அனுமதி மறுக்கப்பட்டது' என வருகிறது. இலக்கணப்படி குறையில்லை. எனினும் செயப்பாட்டுவினை தமிழில் அளவோடு பயிலும் வடிவம். மறுத்தவர் யார் என்பதை மறைக்க விரும்பும் அலுவலக மடல்களில்தான் அது செழித்து வளரும். 'இக்கோப்பை இன்னொருவர் பயன்படுத்துகிறார். சற்றுப் பின் முயல்க' என்றால் செய்வார் யார், இனிச் செய்வது யாது என்னும் இரண்டும் விளங்கும். இவ்வாறு மாற்றி எழுதும் உரிமையை பேசிக் தன்னைக் கற்றவருக்குத் தரவும் செய்தது. 'ஆன் எரர் கோட்டு' என்னும் கட்டளையால் பிழை நேரும்போது நிரலைக் குறிப்பிட்ட வரிக்கு அனுப்பலாம்; அங்கே 'ஈஆர்ஆர்' என்னும் மாறியில் பிழையின் எண்ணும் 'ஈஆர்எல்' என்னும் மாறியில் வரி எண்ணும் இருக்கும். எண் 70 ஆயின் நம் சொற்களில் செய்தியை அச்சிட்டு, 'ரெஸ்யூம்' கட்டளையால் மறுபடி முயலச் செய்யலாம். இவ்வளவும் தெரிந்த மாணவர் 'கோப்பு பூட்டியுள்ளது' என ஆங்கில எழுத்துகளால் எழுதிப் பார்த்ததுண்டு. தமிழ்ச் சொல் இருந்தது, அதை வைக்கும் இடமும் இருந்தது. தமிழ் எழுத்துத்தான் இல்லை.

எழுத்து ஏன் இல்லை? அக்கணினியின் எழுத்துப் பட்டியலில் மொத்தம் 256 இடங்கள். முதற்பாதி ஆங்கிலத்துக்கும் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கும் போனது. 128 முதல் 255 வரையுள்ள மறுபாதியில் ஐரோப்பிய எழுத்துகளும் கோட்டுக் குறிகளும் இருந்தன. வரைகலைத் திரைமுறையில் அவ்விரண்டாம் பாதிக்கு நாமே வடிவம் வரைந்து கொடுக்க இயலும். 247 எழுத்துகளைத் துணைக்கால், கொம்பு, விசிறி எனப் பிரித்து அடுக்கினால் தமிழ் அந்த 128 இடங்களுக்குள் ஏறத்தாழ அடங்கிவிடும். ஆயினும் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டத்துக்குள் 'ண', 'ஞ' போன்ற எழுத்துகளை வரைந்து பார்த்தவர்க்கே அதன் இடர் தெரியும்.

இவ்விடரை இந்நாட்டில் முனைந்து கடந்தவர் முத்து நெடுமாறன். மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தைத் தொகுத்த ஆசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனின் மகன் அவர். 1985இல் அவர் தொடங்கிய முரசு செயலி தனிக்கணினியில் தமிழைக் கொண்டுவந்தது. பின்னர் அது முரசு அஞ்சலாக வளர்ந்து மின்னஞ்சலிலும் தமிழைச் செலுத்தியது. 2005இல் செல்லினம் கைப்பேசிக்குத் தமிழைக் கொண்டுசென்றது. 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டிய கோலாலம்பூரிலேயே 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றது. அதற்கு முந்திய ஆண்டு சிங்கப்பூரில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாகியிருந்தது.

நிரல்மொழியையே தமிழில் அமைக்கும் முயற்சியும் பின்னர் வந்தது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் மொழியில் அச்சிடுவதற்குப் 'பதிப்பி' என்பது கட்டளை. நிபந்தனையை முதலில் எழுதி, அதன்பின் 'ஆனால்' என்னும் சொல்லை இடவேண்டும். 'மழை பெய்தால்' என நிபந்தனைக் குறியைக் கடைசியில் வைக்கும் தமிழ்த் தொடரமைப்புக்கு இது இயைந்தது. ஆங்கிலத்தின் 'இஃப்' போல முன்னே நிற்பதன்று. தொடக்கக் கணினிக் கல்விக்கு எழிலைப் பயன்படுத்துவது பற்றி அவர் 2013இல் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில் பன்னிரண்டாம் தமிழ் இணைய மாநாடு மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடியது. 2020 மே மாதம் மைக்ரோசாப்ட் ஜிடபிள்யூ-பேசிக்கின் 1983ஆம் ஆண்டு மூலநிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் உரிமையளித்து வெளியிட்டது. வகுப்பில் நம்மை அச்சுறுத்திய தொடர்களை உள்ளே வைத்திருந்த அப்பூட்டும் அன்று திறந்தது எனலாம்.

ஆனால் திறவாத பூட்டு ஒன்று நம் வீட்டிலேயே இருக்கிறது. யூனிகோடு 1991இல் தமிழுக்கு இடம் ஒதுக்கிற்று. அதனைப் பொதுமக்களின் கணினி முறையாகத் திரையில் காட்டத் தொடங்கியது 2000ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 2000 முதல்தான். 1985 முதல் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஒவ்வொரு செயலியும் அந்த 128 இடங்களில் தனக்கு உகந்த வரிசையில் தமிழை வைத்தது. இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் திஸ்கி என்னும் குறியீட்டை வகுத்தனர். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு தாப், தாம் என்னும் குறியீடுகளை ஏற்றது. அவற்றுக்கு முற்பட்டவையும் தனிப்பட்டவையும் பல. அப்பதினைந்து ஆண்டுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கின் சங்கங்களும் பள்ளிகளும் கோயில்களும் தட்டெழுதிய ஆண்டறிக்கை, விழாமலர், பேச்சுப்போட்டி உரை, உறுப்பினர் பட்டியல் ஆகியவை நெகிழ்வட்டுகளில் கிடக்கின்றன. அவற்றை இன்று திறந்தால் என்ன நிகழும்? பிழை எண் எதுவும் வாராது. கோப்பு திறக்கும், படிக்கவும்படும், திரையில் மட்டும் தலைக்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளும் கோடுகளும் பரவிக்கிடக்கும். பூட்டிய கோப்பு தான் பூட்டியிருப்பதையாவது சொல்லிற்று. இதுவோ திறந்ததுபோல் காட்டி ஒன்றும் சொல்லாமல் நிற்கிறது. ஆகவேதான் பலர் கெட்டுப்போனது எனக் கருதி எறிந்துவிடுகின்றனர். பெரும்பாலும் அது கெட்டதன்று. எவ்வெண்ணுக்கு எவ்வெழுத்து என்னும் அட்டவணை கிடைத்தால் வரிக்கு வரி மீளும். திஸ்கி, தாப் முதலியவற்றிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இன்று உள்ளன. பெயரறியாத குறியீடாயின், அச்சிட்ட பழைய படியொன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாணவர் குழுவே அவ்வட்டவணையை மீட்டெடுக்கலாம். ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதிய பதிப்பாசிரியர் செய்த பணியோடு ஒப்புநோக்கத்தக்கது இது. எழுத்தைத் தின்பது செல் அன்று, வட்டின் காந்தப்பூச்சு நலிவதே என்பது மட்டும் வேறுபாடு.

ஆசிரியர்கள் தம் பள்ளி அலமாரியில் அத்தகைய வட்டைக் கண்டால், படிப்பானில் இடுவதற்கு முன் ஒரு செயலை மறவாமல் செய்க. 5¼ அங்குல வட்டாயின் ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூடுக. 3½ அங்குல வட்டாயின் மூலையிலுள்ள சிறு தாழை நகர்த்தித் துளையைத் திறந்து வைக்க. அதன்பின் கணினி தவறுதலாக அதில் எதையேனும் எழுத முனைந்தால், பழைய பேசிக் 70 என்னும் எண்ணைக் காட்டி மறுத்துவிடும்.